நஞ்சைத் தின்னும் நுண்ணுயிரும் நடுவே வந்த நுண்நெகிழியும்

2023 மே மாதம் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், யூ.வி.-328 என்ற வேதிப்பொருளை நிலைத்த கரிம மாசுகளின் பட்டியலில் சேர்த்தன. வெயிலில் பிளாஸ்டிக் வெளிறாமலும் நொறுங்காமலும் இருக்க ஆலைகளில் கலக்கும் பொருள் அது. இந்தப் பட்டியலில் ஒரு பொருள் இடம்பெற வேண்டுமானால், அது பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போகிறது என்று காட்ட வேண்டும். காற்றோடும் நீரோடும் போவதைத்தான் வழக்கமாகக் காட்டுவார்கள். யூ.வி.-328 விஷயத்தில், கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் குப்பைக்குள்ளேயே அது பயணம் செய்கிறது என்பதும் சான்றாக ஏற்கப்பட்டது.

மாசு எங்கே போகிறது என்ற கேள்விக்கு இப்படிப் பதில் சேர்ந்துகொண்டே வருகிறது. போன இடத்தில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் வேலை என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. மண்ணிலும் ஆற்று வண்டலிலும் கடலிலும் கிடக்கும் பூச்சிமருந்து எச்சங்களையும் மின்மாற்றி எண்ணெய்களையும் கொஞ்சம் கொஞ்சமாகவாவது ஒழிப்பவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், அதாவது நுண்நெகிழி, இன்று அந்த நுண்ணுயிர்கள் வாழும் எல்லா இடங்களிலும் கலந்துகிடக்கின்றன. துகள்களின் வரவால் அந்த வேலை வேகம் பிடிக்கிறதா, முடங்குகிறதா? ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு பதிலும் கிடைக்கின்றன. அவை முட்டிக்கொள்வதற்கு முக்கியமான காரணம் அளக்கும் முறையில் இருக்கிறது என்பது என் கருத்து. மாசு கண்ணிலிருந்து மறைந்ததைச் சிதைந்ததாக எழுதிவிடும் பழக்கம் இத்துறையில் வேரூன்றியிருக்கிறது.

சிதைவு என்பது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டு விவசாயிகள் பி.எச்.சி. பவுடர் என்றும் கெமேக்சின் என்றும் சொல்லிவந்த மருந்தின் வேதிப்பெயர் எச்.சி.எச். ஆறு கார்பன் கொண்ட வளையம். ஒவ்வொரு கார்பனிலும் ஒரு குளோரின். அந்தக் குளோரின்கள் வளையத்துக்கு மேலும் கீழும் அமர்ந்திருக்கும் விதத்தைப் பொறுத்து ஆல்பா, பீட்டா, காமா என்று வடிவங்கள் பிரியும். பூச்சியைக் கொல்லும் வீரியம் காமாவில்தான் இருக்கிறது. தனியாகப் பிரித்து லிண்டேன் என்று விற்றது அதைத்தான். ஆலையிலிருந்து வந்த கலவையில் காமா 10 முதல் 15 சதவீதம். ஆல்பா 60 முதல் 70 சதவீதம். வயலில் தூவிய மூட்டையில் பெரும்பகுதி பயிருக்கு எந்தப் பயனும் இல்லாமல் நிலத்தின் தலையில் ஏறிய சுமை. கலவை மருந்தை இந்தியா 1997-ல் தடை செய்தது. எச்சம் இன்னும் இருக்கிறது.

இந்த எச்சத்தைத் தின்னும் உயிர்கள் நெல் வயலிலேயே இருக்கின்றன என்று 1967-லேயே பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிவிட்டார்கள். நீர் கட்டிய மண்ணில் எச்.சி.எச். சிதைந்தது, அதே மண்ணைக் கிருமி நீக்கி வைத்தபோது அப்படியே தங்கியது. 1990-ல் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சேதுநாதன் குழு, கரும்பின் வேரடி மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது. ஸ்பிங்கோபியம் இண்டிகம் என்று பிற்பாடு பெயர்பெற்ற அந்த உயிரின் வேலை நுணுக்கமானது. லின்-ஏ என்ற நொதி, வளையத்திலிருந்து ஒரு குளோரினையும் பக்கத்து ஹைட்ரஜனையும் சேர்த்துக் கழற்றுகிறது. லின்-பி என்ற நொதி, குளோரின் இருந்த இடத்தில் நீரிலிருந்து எடுத்த ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. ஒவ்வொரு குளோரினாகக் கழன்ற பிறகு வளையம் உடைகிறது. மிச்சம் உயிரின் உணவாகிவிடுகிறது. பீட்டா வடிவத்தில் குளோரின்கள் அமர்ந்திருக்கும் கோணம் லின்-ஏ-வுக்கு வாகாக இல்லை. லின்-பி மட்டும் மெதுவாக முயல்கிறது. அதனால்தான் பழைய மருந்துக் கிடங்குகளின் மண்ணில் பீட்டா கடைசிவரை மிஞ்சுகிறது.

மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பி.சி.பி.களின் கதையில் இரண்டு அணிகள் வேண்டும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில், மின்தேக்கி செய்த ஆலைகள் 1940-களின் பிற்பகுதியிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் கொட்டிய பி.சி.பி. வண்டலில் படிந்தது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் அதன் குளோரின்களைக் கழற்றிவருவதை 1987-ல் கண்டார்கள். ஆனால் அவை வளையத்தை உடைப்பதில்லை. குளோரின் குறைந்த வளையத்தை உடைக்க, ஆக்சிஜன் உள்ள இடத்தில் வாழும் பர்கோல்டேரியா போன்ற வேறு உயிர்கள் வர வேண்டும். பி.எஃப்.ஓ.ஏ. போன்ற ஃபுளோரின் மாசுகளை முழுதாகத் தின்னும் உயிர் இயற்கையில் இருப்பதற்கு நம்பகமான சான்று இல்லாததால், இந்தக் கட்டுரையில் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்கு வாயில்லை, நீரில் கரைந்து தன் சவ்வை எட்டும் மூலக்கூறைத்தான் அதனால் எடுத்துக்கொள்ள முடியும். நிலைத்த கரிம மாசுகளோ நீரை வெறுப்பவை. எண்ணெய்ப் பசையுள்ள எதைக் கண்டாலும் அதற்குள் போய் ஒளிந்துகொள்வதுதான் அவற்றின் இயல்பு. பாலித்தீனைவிடத் தோதான ஒளிவிடம் எது?

பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கப் பயன்படும் பாலிபுரொப்பிலீன் மூலத்துகள்களை ஜப்பானியக் கரையோரத்தில் ஆராய்ந்து மாட்டோ, டகாடா குழு 2001-ல் வெளியிட்ட முடிவு இத்துறையின் தொடக்கக் கல். சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப்போல ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு செறிவில் அந்தத் துகள்களில் பி.சி.பி.யும், டி.டி.டி.யிலிருந்து பிறக்கும் டி.டி.இ.யும் சேர்ந்திருந்தன. எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி இல்லை. சான் டியேகோ விரிகுடாவில் ஐந்து வகைத் துகள்களை ஓராண்டு தொங்கவிட்ட ரோக்மன் குழு, பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் தொடர்ந்து மாசை ஏற்றிக்கொண்டதையும், பெட் பாட்டில் பிளாஸ்டிக்கும் பி.வி.சி.யும் அவற்றைவிடக் குறைவாக ஏற்றியதையும் 2013-ல் பதிவுசெய்தது. சாதாரண வெப்பநிலையில் பாலித்தீனின் மூலக்கூறுச் சங்கிலிகள் நெகிழ்ந்து அசைந்துகொண்டிருக்கும். நுழைந்த மாசு உள்ளே ஆழமாகப் போய்விடும். பி.வி.சி. கண்ணாடிபோல் இறுகியது, மாசு பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கும். இந்த வேறுபாடு நுண்ணுயிருக்கு மிக முக்கியம். மேற்பரப்பில் நிற்பது சீக்கிரம் கழன்று நீருக்குத் திரும்பும். உள்ளே போனது வெளியே வர மாதங்கள் ஆகலாம்.

பிளாஸ்டிக் பற்றிய பேச்சு வருவதற்கு முன்பே மண்ணியலார் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். பழைய மாசு படிந்த மண்ணில் ஆல்பா எச்.சி.எச். சிதைவதை நெதர்லாந்தில் ஆராய்ந்த போஸ்மா குழு 1997-ல் சொன்னது இதுதான்: பாக்டீரியா எவ்வளவு பசியோடு இருந்தாலும், மண்துகளிலிருந்து மூலக்கூறு கழன்று வரும் வேகத்துக்கு மேல் அதனால் சிதைக்க முடியாது. மண்துகள் இருந்த இடத்தில் பாலித்தீனை வைத்துப் பாருங்கள். உயிர்கள் சுறுசுறுப்பாகத் தின்னும் இடமானால் பிளாஸ்டிக் தடையாகிறது. அவை ஏற்கெனவே மந்தமாக இருக்கும் குளிர்ந்த ஆழ்கடலில், பிளாஸ்டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எதிர்த் திசையிலும் ஒரு விளைவு உண்டு. மாசு அளவுக்கு மீறினால் அதைத் தின்ன வேண்டிய உயிரையே கொன்றுவிடும். கிளைன்டைக் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபினாந்திரீன், ஆந்திரசீன் ஆகிய இரு நறுமண ஹைட்ரோகார்பன்கள் வண்டல் பாக்டீரியாக்களின் மேல் காட்டிய தாக்கத்தைப் பாலித்தீன் துகள்கள் குறைத்தன. நஞ்சின் ஒரு பகுதியை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது, உயிர்கள் பிழைத்திருந்து வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. எண்ணெய் கொட்டிய இடத்தின் முதல் சில நாட்களுக்கு இது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் தேங்கிய மாசுக்கு இதைச் சான்றாகக் காட்டுவது தவறு. அங்கே நஞ்சின் செறிவால் உயிர்கள் சாவதில்லை, உணவு கையெட்டாமல் சும்மா இருக்கின்றன.

நம் ஊரில் இந்தப் பிரச்சினையின் முகம் மல்ச்சிங் ஷீட். தர்பூசணியும் காய்கறியும் போடும் வயல்களில் மேல்புறம் வெள்ளி நிறமும் கீழ்ப்புறம் கறுப்புமாக விரிக்கும் மெல்லிய பாலித்தீன் தாள். களை முளைக்காது, ஈரம் காக்கும். கூலி கட்டுப்படியாகாத விவசாயி அதை நாடுவதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஓரங்களை மண்ணில் புதைத்து அணைப்பார்கள். அறுவடை முடிந்து உருவி எடுக்கும்போது வெயிலில் வெந்த நடுப்பகுதி கிழிந்து வரும். புதைந்த ஓரம் வராது. அடுத்த உழவில் ரொட்டவேட்டர் ஓடியதும் அந்த ஓரங்கள் விரல்நகத் துண்டுகளாகின்றன. பிறகு ஒவ்வொரு பட்டத்துக்கும் இன்னும் சிறிதாகின்றன. பழைய எச்.சி.எச். எச்சம் இருக்கும் மண்ணில் இந்தத் துண்டுகள் கலந்தால், மாசைப் பிடிக்கும் ஒரு புதுப் பொருள் வேரடிக்கே வந்து சேர்கிறது. பயிருக்குள் ஏறும் மாசு அதனால் குறையலாம். அதே காரணத்தால் சிதைவும் குறையலாம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் முதலாவதை மட்டும் நன்மையாகப் பேசும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

இனி பிளாஸ்டிக்கின் மேலே குடியேறும் உயிர்கள். வட அட்லாண்டிக்கில் மிதந்த துண்டுகளின் மேல் சுற்றியுள்ள நீரிலிருந்து வேறுபட்ட ஒரு நுண்ணுயிர்ச் சமூகம் வாழ்வதைக் கண்ட செட்லர், மின்சர், அமரல்-செட்லர் மூவரும் 2013-ல் அதற்குப் பிளாஸ்டிஸ்பியர் என்று பெயரிட்டார்கள். ஹைட்ரோகார்பனைத் தின்பவற்றின் உறவினங்களும் அங்கே இருந்தன. மாசும் அதைத் தின்பவையும் ஒரே பரப்பில் சேர்ந்தால் சிதைவு வேகம் பிடிக்காதா என்று கேட்கத் தோன்றும். பிடிக்கலாம் என்பதற்கு வேறோர் இடத்திலிருந்து நல்ல சான்று இருக்கிறது. வர்ஜீனியாவின் குவாண்டிகோவில் பி.சி.பி. படிந்த ஓடையொன்றில், கெவின் சோவர்ஸ் குழு, கிளர்வூட்டிய கரித்துகளின் மேல் இரண்டு வகைப் பாக்டீரியாக்களை ஏற்றித் தூவியது. ஒன்று குளோரினைக் கழற்றுவது, மற்றது வளையத்தை உடைப்பது. ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் மேல்வண்டலில் பி.சி.பி. சுமார் பாதி குறைந்ததாக 2019-ல் அறிவித்தார்கள். கரி மாசை இழுத்துப் பிடித்தது. பிடித்த இடத்திலேயே உயிர்களும் உட்கார்ந்திருந்தன.

அப்படியானால் பாலித்தீன் துகளும் அதே வேலையைச் செய்யக்கூடும் என்று சிலர் எழுதுகிறார்கள். இங்கே எனக்கு உடன்பாடில்லை. கரியின் மேல் ஏற்றிய உயிர்கள் தெரிந்தெடுத்து வளர்த்தவை. பிளாஸ்டிக்கில் குடியேறுபவை எதுவும் நம் தேர்வு இல்லை. ஒட்டிக்கொள்ளத் தெரிந்தவை முதலில் வருகின்றன, மாசைத் தின்னத் தெரிந்தவையாக அவை இருக்க வேண்டியதில்லை. கரியின் நுண்துளைகளில் உயிரும் மாசும் நெருக்கமாக இருக்கின்றன. பாலித்தீனிலோ மாசு உடலுக்குள்ளும் உயிர் தோலின் மேலும் இருக்கின்றன. போதாததற்கு, உயிர்ப்படலம் ஏறிய துகள் கனத்து மூழ்குகிறது. வெளிச்சமும் ஆக்சிஜனும் உள்ள மேல்நீரில் தொடங்கிய வேலை, இரண்டும் இல்லாத வண்டலில் பாதியில் நிற்கிறது.

படலத்துக்குள் நடக்கும் மரபணுப் பரிமாற்றத்தை மட்டும் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஸ்டெக்லின் ஏரியில் அரியாஸ்-ஆண்ட்ரெஸ் குழு செய்த ஆய்வு, பிளாஸ்டிக் மேல் வாழும் பாக்டீரியாக்களிடையே பிளாஸ்மிட் என்ற மரபணு வளையம் கைமாறும் விகிதம் நீரில் தனித்து மிதப்பவற்றைவிட அதிகம் என்று 2018-ல் காட்டியது. நோய்க்கிருமிகளுக்கு மருந்தெதிர்ப்பு பரவும் வழி என்ற அச்சத்தோடு அது படிக்கப்படுகிறது, அச்சம் நியாயமானதே. மாசைச் சிதைக்கும் மரபணுக்களும் இதே வழியில்தான் பரவுகின்றன. லக்னோ அருகே உம்மரியில் எச்.சி.எச். கழிவு கொட்டிய இடத்தை ரூப் லால் தலைமையிலான டெல்லிப் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்தபோது, கொட்டிய இடத்தை நெருங்க நெருங்க மண்ணில் லின் மரபணுக்களும், அவற்றைச் சுமக்கும் பிளாஸ்மிட்களும், தாவும் மரபணுத் துண்டுகளும் பெருகியிருந்தன. மண்ணில் பல பத்தாண்டுகளில் நடந்த அந்தப் பரவல் பிளாஸ்டிக் பரப்பில் வேகம் பிடிக்குமா என்பதை, லின் மரபணுவையே வைத்துச் சோதிப்பது பயனுள்ள வேலை.

மாசு ஏற்றுவதோடு, பிளாஸ்டிக் தன்னுடையதையும் கசியவிடுகிறது. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து ஆண்டுக்கு 23,600 டன் வரை கரைந்த கார்பன் வெளியேறலாம் என்றும், அதில் சுமார் 60 சதவீதத்தை நுண்ணுயிர்கள் ஐந்து நாட்களுக்குள் எடுத்துக்கொள்கின்றன என்றும் ரொமேரா-காஸ்டியோ குழு 2018-ல் கணித்தது. எளிதாகக் கிடைக்கும் இந்த உணவு கடினமான மாசிலிருந்து உயிர்களின் கவனத்தைத் திருப்பலாம், அல்லது அவற்றுக்குத் தெம்பூட்டி மாசையும் கூடவே தின்ன வைக்கலாம். கூடவே கசியும் ஃப்தாலேட் போன்ற சேர்பொருள்கள் வேறு கதை. பாலித்தீன் பைகளிலிருந்தும் பி.வி.சி. விரிப்புகளிலிருந்தும் கசிந்த நீர், கடலின் மிகச் சிறிய ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாவான புரோகுளோரோகாக்கஸின் வளர்ச்சியை முடக்கியதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019-ல் காட்டினார்கள்.

வண்டலில் விளைவு இன்னும் மறைமுகமானது. வர்ஜீனியாவின் உப்புச் சதுப்பு வண்டலில் நான்கு வகைப் பிளாஸ்டிக்கைக் கலந்து பார்த்த சீலி குழு, பி.வி.சி. கலந்த வண்டலில் நைட்ரஜன் சுழற்சியில் நைட்ரேட் உருவாவது, நைட்ரேட் நீங்குவது என்ற இரு கட்டங்களும் தடைபட்டதையும், பாலியூரித்தேன் நுரையும் மக்கும் வகையான பி.எல்.ஏ.யும் கலந்தவற்றில் அவை ஊக்கம் பெற்றதையும் 2020-ல் வெளியிட்டது. நைட்ரேட்டும் ஆக்சிஜனும் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான், குளோரினைச் சுவாசித்து வாழும் டிஹாலோகாக்காய்டஸ் போன்ற உயிர்களின் தலையெழுத்தை எழுதுகிறது. அவை ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகும், ஹைட்ரஜனும் வைட்டமின் பி-12-உம் பக்கத்து உயிர்கள் தந்தால்தான் வாழும், மெதுவாகப் பெருகும். பி.சி.பி.யைத் தொடாமலேயே, அண்டை அயலைக் கலைத்தே பிளாஸ்டிக் அதன் சிதைவை மாற்றிவிட முடியும்.

அளவிடும் முறைக்கு வருகிறேன். ஒரு குடுவையில் நீர், பாக்டீரியா, ஃபினாந்திரீன், பாலித்தீன் பொடி. ஒரு வாரம் கழித்து நீரில் ஃபினாந்திரீன் 80 சதவீதம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்டீரியா தின்றதா, பிளாஸ்டிக் உறிஞ்சியதா, குடுவையின் வாய் வழியே ஆவியானதா? உயிர்களைக் கொன்ற குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல், பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் ஊறவைத்து உள்ளே இருப்பதை எடுத்து அளக்காமல், இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இந்தப் பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குச் சான்று கடலூர் மாவட்டத்திலேயே கிடைத்தது. 1980-களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்தினரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, வெள்ளாற்றுப் படுகை வயல்களில் இட்ட எச்.சி.எச். எங்கே போகிறது என்று காற்று, நீர், வண்டல் எல்லாவற்றிலும் அளந்தார்கள். மிகப் பெரும்பகுதி காற்றில் கலந்துவிட்டது. கடலுக்குப் போனது அற்பம். வயல் மண்ணை மட்டும் பார்த்தவர், மண்ணிலேயே மருந்து சீக்கிரம் அழிகிறது என்று மகிழ்ந்திருப்பார். அது ஆவியாகி வடதுருவம் நோக்கிப் புறப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து நுண்நெகிழி ஆய்வு அந்தப் பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

துகளின் அளவும் தரமும் இன்னொரு குறை. கடையில் வாங்கிய, உருண்டையான, புத்தம்புதிய மணிகளை எடைக்கு எடை பல சதவீதம் மண்ணில் கலக்கிறார்கள். இயற்கையில் கிடப்பவை வெயிலில் வெடித்த செதில்களும் துணியிலிருந்து உதிர்ந்த இழைகளும். அளவு பெரும்பாலும் பலபடி குறைவு. கடலை முழுதாக எடுத்துக்கொண்டால், நீரிலும் மட்கிலும் புகைக்கரியிலும் இருக்கும் மாசோடு ஒப்பிடப் பிளாஸ்டிக்கில் ஏறியிருப்பது மிகச் சொற்பம் என்று கோல்மன்ஸ் குழு 2016-ல் வாதிட்டது. அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். நடுக்கடலில் நுண்நெகிழியால் மாசுகளின் சிதைவு தலைகீழாகிவிடும் என்று அஞ்ச ஆதாரம் இல்லை. அஞ்ச வேண்டியவை பிளாஸ்டிக்கும் மாசும் ஒருசேரக் குவியும் இடங்கள். 2021-ல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் மூலத்துகள்கள் இலங்கைக் கடலில் கொட்டின. அவற்றில் ஒரு பகுதி கருகி, எரியும்போது பிறந்த ஹைட்ரோகார்பன்களைச் சுமந்தே கரை ஒதுங்கியது. 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா-3 கப்பல் மூழ்கியபின் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வெள்ளை மணிகள் ஒதுங்கின. எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அங்கே ஏற்கெனவே படிந்திருந்த சாம்பலோடும் நகரத்துப் பிளாஸ்டிக்கோடும் ஒரே சேற்றில் கலந்தது. அந்த நீரில் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, எண்ணெய் எத்தனை ஆண்டில் அழியும் என்பது சோற்றுக் கேள்வி.

அதற்குப் பதில் சொல்லும் சோதனையை நம் ஆய்வகங்களில் செய்ய முடியும். வெளிநாட்டு மணிகள் வேண்டாம். வயலில் ஓராண்டு வெயில் தின்ற மல்ச்சிங் துண்டுகளும், எண்ணூர்ச் சேற்றிலிருந்து சலித்தெடுத்த செதில்களும் போதும். நம் மண்ணில் உள்ள அளவிலேயே அவற்றைக் கலக்க வேண்டும். கார்பன்-14 ஏற்றிய லிண்டேனையோ ஃபினாந்திரீனையோ இட்டு, நெல்லுக்குக் கட்டுவதுபோல் நீர் கட்டியும் வடித்தும், ஒரு பட்டம் முழுக்கத் தொடர வேண்டும். நீரில் எவ்வளவு, பிளாஸ்டிக்குக்குள் எவ்வளவு, மண்ணில் எவ்வளவு, மேலெழும் காற்றில் மாறாமல் போனது எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியேறியது எவ்வளவு என்று ஐந்து கணக்கையும் எழுத வேண்டும். ஐந்தும் கூடி முதலில் இட்ட அளவுக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால், சிதைந்தது இத்தனை சதவீதம் என்ற வரியைக் கட்டுரையில் சேர்க்கக் கூடாது.